தொலைந்ததாகச் சொன்ன பதிவுகள்

1

எங்கள் பாடசாலையின் ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று அதிபர் மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார். யோசிக்க எனக்குச் சிரமம் வரக்கூடாது என்று தலைப்பையும் அவரே போட்டுவிட்டார்: ‘தர்மபுரத்திலிருந்து டென்மார்க் வரை: ஒரு விஞ்ஞானியின் வெற்றிப் பயணம்’. கூடவே ஆவணியில் நடந்த பாராட்டு விழாவின் படம். கழுத்தில் மாலை, தோளில் பொன்னாடை, முகத்தில் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பை நான் அறிவேன். பந்தியில் இரண்டாம் தடவை வடை எடுத்தவன், இதுதான் முதல் வடை என்று காட்டச் சிரிக்கிற சிரிப்பு அது.

வெற்றிப் பயணம் எப்படிப்பட்டதென்று சொல்கிறேன். சண்டை தொடங்கிய வருடங்களில், இரசாயனவியல் பட்டத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு இந்த நாட்டுக்கு வந்தேன். முதலில் பன்றி வெட்டுகிற தொழிற்சாலை. பிறகு ஆய்வுகூடத்தில் போத்தல் கழுவல். பிறகு அதே ஆய்வுகூடத்தில் படிப்பு, பதவி. டேனிஷ் மொழியில் எண்களைச் சொல்வதற்கு ஒரு கோணல் கணக்கு இருக்கிறது. ஐம்பது பாகை வெப்பம் என்று சொல்ல நினைத்துத் தொண்ணூறு என்று சொல்லி, யாரோ பாடுபட்டுப் பிரித்தெடுத்த புரதத்தை அவிய வைத்தேன். ஒருவரும் ஏசவில்லை. டேனிஷ்காரர் ஏசமாட்டார்கள். அடுத்த கூட்டத்துக்கு உங்களைக் கூப்பிட மறந்துவிடுவார்கள்.

இப்போது ஓய்வு. காலையில் கோப்பி, நடை, கைபேசியில் நகரசபையின் கடிதம். நான் தனியாக வசிக்கிறேனா என்று கேட்பார்கள். ஆம் என்று அழுத்தினால், இன்னும் தனியாகத்தான் வசிக்கிறேனா என்று சில மாதம் கழித்துக் கேட்பார்கள். மகன் கீரன் காற்றாலைக் கம்பனியில் வேலை. ‘அப்பா’ என்ற ஒரு சொல்லைத் தமிழில் சொல்லிவிட்டு மிச்சத்தை டேனிஷில் சொல்வான். அவனுடைய பிள்ளைகள் அந்த ஒரு சொல்லையும் கைவிட்டுவிட்டார்கள். எனக்குக் கோபமில்லை. அவர்களோடு கதைப்பதற்கு நானும் ஒரு நாளும் வேலையைப் போட்டுவிட்டு வந்ததில்லை.

எங்கள் சங்கத்தாரைப் பற்றி ஒரு வார்த்தை. வருடாவருடம் என்னை மேடையேற்றி ‘புரத விஞ்ஞானி’ என்பார்கள். ஒரு தடவை, கீழே இருந்த ஒருவர் எழும்பி, சீனி வருத்தக்காரர் நாளுக்கு எத்தனை முட்டை சாப்பிடலாம் என்று கேட்டார். நான் இரண்டு என்றேன். என் ஆராய்ச்சி வாழ்க்கையில் கைதட்டல் வாங்கிய ஒரே விடை அதுதான்.

2

ஆவணியில் முல்லைத்தீவுப் பக்கம் தண்ணீரூற்று என்ற ஊருக்கு, தங்கை பவளத்தின் வீட்டுக்குப் போனேன். புலம்பெயர்ந்தவன் ஊருக்குப் போவது ஒரு கூத்து. போத்தல் தண்ணீர், நுளம்புக் களிம்பு, எல்லாவற்றையும் எட்ட நின்று பார்க்கிற பார்வை. மூன்றும் என்னிடம் இருந்தன.

பவளம் குசினியில் மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டு கேட்டாள்:

“இவ்வளவு காலமும் கேக்கேல்லை அண்ணா. நீங்கள் அங்க என்னதான் வேலை செய்தனீங்கள்?”

“மூலக்கூறுகளை நிறுக்கிறது.”

“நிறுக்கிறதுக்கோ இந்தப் படிப்பு? இஞ்ச சங்கக்கடையில ஒரு பெட்டை நாள் முழுக்க நிறுக்கிறாள்.”

அவள் சொன்னதில் அதிகம் பிழையில்லை. பெப்தைட்டு என்பது அமினோவமிலங்கள் வரிசையாகக் கோத்த ஒரு சிறு சங்கிலி. அதற்கு மின்னேற்றம் கொடுத்து, வெற்றிடத்துக்குள் பறக்க விட்டு, வாயுவோடு மோதி உடைப்போம். உடைந்த துண்டுகளின் திணிவைக் கருவி சொல்லும். ஒரு துண்டுக்கும் அடுத்த துண்டுக்கும் உள்ள வித்தியாசத்திலிருந்து எந்த அமிலம் எதற்குப் பக்கத்தில் இருந்தது என்று வாசிக்கலாம். உலகம் முழுவதும் கணினிகள் இன்று இப்படித்தான் வாசிக்கின்றன.

ஆனால் திணிவு உருவத்தைச் சொல்லாது. ஒரே திணிவுள்ள துண்டு இரண்டு வடிவத்தில் இருக்கலாம். ஒன்று, நீட்டி நிற்கிற சங்கிலி. அதன் அறுந்த நுனி மட்டும் தன்மேல் மடிந்து, ஐந்து அணுக்கள் கொண்ட சின்னக் கொக்கியாகி நிற்கும். மற்றது, தலையும் வாலும் ஒட்டிக்கொண்ட பெரிய வளையம். வளையமென்றால் ஆபத்து. அது பிறகு எந்த இடத்திலும் அறும். அறுந்தபின் வாசித்தால் வரிசை பிழைக்கும்.

எது என்று அறிய ஒரு வழி உண்டு. துண்டுகளைப் பொறிக்குள் பிடித்து வைத்து, கண்ணுக்குத் தெரியாத செந்நிறக்கீழ் ஒளியின் லேசரை அடிக்க வேண்டும். ஒவ்வொரு பிணைப்பும் தனக்குரிய அதிர்வெண்ணில் ஒளியை உறிஞ்சும். வரைபில் கொக்கிக்கு மட்டும் உரிய ஓர் இடம் உண்டு; அங்கே மேடு எழும்பினால் கொக்கி, எழும்பாவிட்டால் கொக்கி இல்லை. அப்படிப்பட்ட லேசர் எங்களிடம் இல்லாததால், பக்கத்து நாட்டுக்குக் கருவியைக் கட்டிக்கொண்டு போய், லேசர் நேரத்துக்குத் தவணை வாங்கிப் பதிந்தோம். பல தடவை பதிந்து, சராசரி எடுத்து, வரைபை அழகாக மழுப்பி, கட்டுரையாக வெளியிட்டேன். வடிவம் கொக்கி. கொக்கியின் இடத்தில் ஒரு சிறு மேடு இருந்தது. மேடு என்று சொல்வதற்கு நல்ல மனது வேண்டும். அன்று எனக்கு அந்த மனது நிறைய இருந்தது. கொக்கிக்குப் பொருந்தாத சில சில்லறைத் துண்டுகளும் தெரிந்தன. மாதிரி அழுக்கு என்று சொல்லி, தொழில்நுட்ப உதவியாளரை ஊசியைத் திரும்பத் திரும்பக் கழுவ வைத்தேன். வளையமாக இருந்தால் வரைபு எப்படி வருமென்று கணித்தே பார்க்கவில்லை. அது கெட்டிக்காரப் பெடியளின் கற்பனை என்று கூட்டங்களில் சொல்லிச் சிரித்தேன்.

அந்தக் கட்டுரைதான் என்னைப் பேராசிரியராக்கியது.

3

தர்மபுரத்தில் விழா நடக்க ஒரு கிழமை முன்னதாக, பவளம் வீட்டு வாசலில் ஒரு பெண் ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். மேகலா. வயது முப்பதைத் தாண்டியிருக்கும். வவுனியாவில் தற்காலிக விரிவுரையாளர்; வீடு தர்மபுரத்தில். என்னைப் பற்றி விழாவில் பேசும்படி அதிபர் அவளைத்தான் கேட்டிருந்தார். இந்தப் பக்கத்தில் என் வேலை விளங்கிய ஒரே ஆள் அவள்.

பவளம் வழக்கமான கேள்வியைக் கேட்டாள். “ஆரின்ர பிள்ளை?” மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து தர்மபுரத்தில் காடு வெட்டிக் குடியேறிய குடும்பம் என்று மேகலா சொன்னாள். அதற்குப் பிறகு என் குரலில் ஒரு தடிப்பு ஏறியது. எனக்கே அது கேட்டது. பன்றித் தொழிற்சாலையில் என்னோடு கதைத்த மேற்பார்வையாளரின் குரல் அப்படித்தான் இருந்தது.

அவள் கதிரையின் நுனியில் இருந்து மடிக்கணினியைத் திறந்தாள். என்னுடைய அந்தப் பழைய வரைபு. அதன்மேல் இரண்டு கோடுகள்: கொக்கிக்குக் கணித்தது ஒன்று, வளையத்துக்குக் கணித்தது மற்றது. வளையத்தின் கோடு என் வரைபின்மேல் சட்டைக்கு அளவெடுத்ததுபோலக் கிடந்தது.

“கணிப்பில என்னவும் வரும் பிள்ளை,” என்றேன். “கொம்பியூட்டரிட்டக் கேட்டா மாட்டுக்குச் செட்டையும் முளைக்கும்.”

“முளைச்சதெண்டா முளைச்சதெண்டு சொல்லத்தானே வேணும் சேர்.”

“அந்த மேடு? அது கண்ணுக்குத் தெரியேல்லையோ?”

“தெரியுது சேர். அதைப் பற்றித்தான் கேக்க வந்தனான். சராசரி எடுக்க முந்தின தனித்தனிப் பதிவுகள் உங்களிட்ட இருக்கும்தானே. எல்லாத்திலயும் அந்த மேடு இருந்தா நீங்கள் சொன்னதுதான் சரி. ஒண்டில மட்டும் இருந்தா, அந்த நேரம் லேசர் ஆடியிருக்கு.”

இதைவிட நேர்மையான கேள்வியை நான் கேட்டதில்லை. நானே அந்தக் கேள்வியை என்னிடம் கேட்டிருக்க வேண்டும்.

“நீர் என்ர பிழை பிடிச்சுப் பட்டம் எடுக்கப் போறீரோ?”

“பிழை பிடிக்க வரேல்லை சேர். பாக்கத்தான் கேக்கிறன். வேற ஆறு துண்டுகளுக்குச் செய்து முடிச்சிட்டன். உங்கட துண்டுதான் எல்லாருக்கும் தெரிஞ்சது. அது இல்லாமல் ஆய்வேட்டை ஏற்கேலாதெண்டு பரீட்சகர் எழுதியிருக்கிறார். மார்கழியோட என்ர வேலையும் முடியுது. பட்டம் இருந்தால்தான் நிரந்தரமாக்குவினம்.”

எல்லாவற்றையும் அவள் விரித்து வைத்துவிட்டாள். நான் செய்ய வேண்டியது ஓம் என்பது மட்டும்.

“அதெல்லாம் தொலைஞ்சு போச்சு,” என்றேன்.

அவள் நம்பினாள். அதுதான் இன்றும் எனக்குப் பொறுக்காதது. சந்தேகப்படவில்லை, மறுத்துக் கேட்கவில்லை. முகம் அப்படியே இளகியது.

“எல்லாமோ சேர்?”

“எல்லாம்.”

“ஐயோ. எவ்வளவு பாடுபட்டிருப்பியள்.”

மடிக்கணினியை மூடி, பவளம் கொடுத்த தேத்தண்ணியை மிச்சமில்லாமல் குடித்து, போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டேன்.

4

பாராட்டு விழாக்களை நான் வெறுக்கிறேன் என்று சொன்னால் அது இன்னொரு பொய். எனக்குப் பிடிக்கும். ஒலிபெருக்கி கரகரக்க, வரவேற்புரை வரவேற்கவேண்டியவர்களை விட்டுவிட்டு மழையைப் பற்றியும் பிரதேச சபையைப் பற்றியும் பேச, என் பெயருக்கு முன்னால் ஒவ்வொரு பேச்சாளரும் ஒரு பட்டத்தைச் சேர்த்துக்கொண்டே போக, நான் கண்ணை மூடி அடக்கமானவன்போல இருந்தேன். ‘அணுவைப் பிளந்தவர்’ என்று ஒருவர் சொன்னார். திருத்தவில்லை.

மேகலா எழும்பினாள். பட்டம் ஒன்றும் சொல்லவில்லை. மேசையில் இருந்த மாலைகளில் ஒன்றை எடுத்துப் பிள்ளைகளிடம் காட்டினாள். செவ்வரத்தை, நந்தியாவட்டை, செவ்வந்தி என்று கலந்து கட்டிய மாலை.

“இதில முதல் பூ என்ன?”

“செவ்வரத்தை!”

“கடைசி?”

“செவ்வந்தி!”

இரண்டு நுனியையும் சேர்த்து முடிந்தாள். “இப்ப முதல் பூ எது?” பிள்ளைகள் ஆளுக்கொரு பூவைக் கத்தினார்கள். அவள் கத்தரிக்கோலால் வேறோர் இடத்தில் வெட்டித் தூக்கிப் பிடித்தாள். “இப்ப வாசியுங்கோ. பூ மாறேல்லை, பாரம் மாறேல்லை. வரிசை மாறிப் போச்சு. வெட்டினதைப் பாக்காத ஆள், இது நந்தியாவட்டையில தொடங்கின மாலை எண்டுதான் சொல்லுவார். சேர் ஆராய்ஞ்சது இதைத்தான். துண்டு வளையமா, நீட்டா எண்டு. அவர் நீட்டு எண்டு சொன்னவர்.”

நான் வாழ்நாள் முழுவதும் இதைப் பாடமாகச் சொல்லியிருக்கிறேன். ஒரு வகுப்பும் இப்படிக் கத்தியதில்லை.

முன்வரிசையில் ஒரு பெண்பிள்ளை எழும்பி, “அப்ப சேர் சொன்னது சரியோ, ரீச்சர்?” என்றாள். அதிபர் கையால் இரு இரு என்று காட்டினார்.

மேகலா என் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை. “அது சேரின்ர பழைய பதிவுகளைப் பாத்தாத்தான் தெரியும். அதுகள் எல்லாம் தொலைஞ்சு போச்சுது,” என்றாள்.

மண்டபம் அடங்கிப் போனது. நான் எதிர்பார்த்த அமைதி அது அல்ல. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் அந்தச் சொல்லைச் சொன்னால் என்ன நடக்கும் என்று அதுவரை எனக்கு உறைக்கவே இல்லை. அங்கே இருந்தவர்களில், கடைசிச் சண்டையில் பிறப்புப் பத்திரம் தொலையாதவர் யார், கலியாணப் படம் தொலையாதவர் யார், காணி உறுதி தொலையாதவர் யார்? நான் ஓய்வூதியம் வாங்குகிற நாட்டில் பதிவு தொலைவது ஒரு நிர்வாகச் சங்கடம். இங்கே அது வேறு. ஒரு பேராசிரியரின் சின்னத் தந்திரமாக நான் விட்ட சொல்லை இவர்கள் தங்களுடைய சொல்லாக எடுத்துக்கொண்டார்கள்.

விழா முடிந்ததும் என்னிடம் வந்தவர்கள் கண்டுபிடிப்பைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. துக்கம் விசாரித்தார்கள். அந்தோனியம்மா என்று ஓர் அம்மா, முள்ளிவாய்க்காலில் கருவாடு போடுகிறவ, என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னா:

“எனக்கும் பெடியன்ர படம் ஒண்டும் மிஞ்சேல்லை ஐயா. முகம் மறந்து போடுமெண்டு பயமாக் கிடக்கு. உங்களுக்கும் கையால செய்ததெல்லோ. நெஞ்சு பத்தும், எனக்குத் தெரியும்.”

நான் ஓம் என்றேன். கையை உதறவில்லை. ஓம் அம்மா, நெஞ்சு பத்துது என்றேன்.

5

திரும்பும்போது நானும் பவளமும் ஓட்டோவில் வந்தோம். பாதி வழி வந்தபிறகு, ஓட்டுகிற தம்பிக்குக் கேட்காமல், வீதியைப் பார்த்தபடி சொன்னாள்:

“வந்த அண்டைக்கு என்ன சொன்னனீங்கள்? அங்க வீட்டு நிலவறையில எல்லாம் பெட்டி பெட்டியாப் பேரெழுதி வச்சிருக்கிறன், படிச்ச காலத்துக் கொப்பிகூட இருக்கெண்டு சொல்லேல்லையோ?”

“அது வேற இது வேற.”

“என்ன வேற?”

“உனக்கு விளங்காது பவளம்.”

“ஓம், எனக்கு நிறுக்கிறது மட்டும்தான் விளங்கும்.” மடியில் இருந்த என் பொன்னாடையை மடித்து வைத்தாள். “அண்ணா, என்ர மனிசன்ர படம் ஒண்டுக்கு நான் எத்தினை பேரிட்டப் போய்க் கேட்டிருப்பன். ஆற்றையும் கலியாண அல்பத்தில ஒரு மூலையில நிக்கிறாரோ எண்டு. பையோடதான் முள்ளிவாய்க்காலுக்குள்ள போனனாங்கள். வெளியில வரேக்க பையும் இல்லை, அவரும் இல்லை. உங்களுக்கு என்ன தொலைஞ்சது? சொல்லுங்கோ பாப்பம்.”

நான் ஓட்டோக்காரத் தம்பியிடம் மெதுவாகப் போகச் சொன்னேன். ஓட்டோ மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

6

டென்மார்க்குக்குத் திரும்பி வந்தபின் உடனே நிலவறைக்கு இறங்கினேன் என்று எழுத ஆசை. இறங்கவில்லை. கால் நோவு என்றேன். பிரயாணக் களைப்பு என்றேன். மனம் திருந்தியவன் ஓடிப்போய்த் திருத்துவான் என்பதெல்லாம் பிரசங்கம் செய்கிறவர்களின் கதை. நான் ஐப்பசி முழுவதும் கோப்பி குடித்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கீரன் வந்தபோது, பெட்டியைத் தூக்கி வரச் சொன்னேன். பழைய வன்தட்டு. அதை இன்றைய கணினியில் பொருத்த ஒரு கம்பி வாங்கிக்கொண்டு வந்தான். “இதில் என்ன அப்பா இருக்கிறது?” என்று டேனிஷில் கேட்டான். “தொலைந்துபோன பதிவுகள்,” என்றேன். அவன் பெட்டியில் ஒட்டியிருந்த பெயரையும் திகதியையும் பார்த்தான், என்னைப் பார்த்தான், மேலே ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு உதவியாக இருந்திருக்கும். ஆனால் கேளாமல் இருக்க அவனைப் பழக்கியவன் நான்.

பதிவுகளை ஒவ்வொன்றாகத் திறந்தேன். கொக்கியின் இடத்தில் முதலாவதில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் ஒன்றுமில்லை. நாலாவதில் அந்த மேடு கூரையைப்போல எழும்பி நின்றது. அதே கணத்தில் லேசரின் வலுவும் எகிறியிருந்தது, பக்கத்து நிரலிலேயே பதிவாகியிருந்தது. மற்றவை எல்லாம் தட்டை. ஒரு பதிவின் நடுக்கத்தைச் சராசரிக்குள் கரைத்து, மழுப்பி, அதன்மேல் நான் கதிரை போட்டு இருந்திருக்கிறேன். அந்த நிரலை அன்று பார்த்தேனா? பார்த்திருப்பேன். எல்லோரும் அதைத்தான் முதலில் பார்ப்போம்.

துண்டு வளையம்தான். நான் கழுவ வைத்த அழுக்கு, அழுக்கில்லை. அந்த வளையம் வேறு வேறு இடங்களில் அறுந்து தந்த துண்டுகள் அவை.

எல்லாவற்றையும் மேகலாவுக்கு அனுப்பினேன். விளக்கம் எதுவும் எழுதவில்லை. அடுத்த நாள் அழைத்தாள்.

“கிடைச்சது சேர். நாலாவதில மட்டும்தான் இருக்கு.”

“ஓம். பாத்தனான்.”

“ஆய்வேட்டில சேர்த்திட்டன். பரீட்சகருக்கு இண்டைக்கே போகுது. ஒரு கேள்வி சேர். தொலைஞ்சதெண்டு அவ்வளவு சனத்துக்கு முன்னால சொல்லிப்போட்டன். இப்ப எங்கயிருந்து வந்ததெண்டு கேப்பினம். நான் என்ன சொல்ல?”

“கண்டெடுத்ததெண்டு சொல்லுமன்.”

 

“அதைச் சொல்லேலாது சேர்,” என்றாள். “போன கிழமை சந்தையில அந்தோனியம்மாவைக் கண்டனான். ‘பிள்ளை, சேரின்ர சாமான் ஏதும் ஆப்பிட்டுதோ’ எண்டு கேட்டவா. கண்டெடுத்தாச்செண்டு நான் சொன்னா, இவ்வளவு காலத்துக்குப் பிறகும் பெடியன்ர படம் கிடைக்குமெண்டு அவா நினைப்பா. திரும்பவும் ஒவ்வொரு அரசாங்கக் கந்தோராப் போய் நிப்பா. அந்தப் பாவத்தை நான் செய்யமாட்டன்.”

“அப்ப நான் என்ன செய்யிறது?”

“உங்கட பொய்யை நீங்கள் சொல்லுங்கோ சேர். எனக்கு நாளைக்கு வகுப்பு இருக்கு. வைக்கிறன்.”

என்னோடு இப்படி ஒருவரும் கதைத்ததில்லை. கதைத்திருந்தால் நான் கொஞ்சம் வேறு ஆளாக இருந்திருக்கலாம், அதுவும் நிச்சயமில்லை.

இந்த மலர் முள்ளிவாய்க்கால் பக்கமும் போகும் என்று அதிபர் சொன்னார். யாராவது அந்தோனியம்மாவிடம் இந்தக் கடைசி வரிகளை வாசித்துக் காட்டுங்கள். அம்மா, உங்கள் மகனின் படத்துக்கு நடந்தது எனக்கு ஒரு நாளும் நடக்கவில்லை. என் பதிவுகள் தொலையவில்லை. கண்டெடுக்கப்படவும் இல்லை. நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த நேரமும் அவை என் வீட்டில், நான் வைத்த இடத்தில், பத்திரமாகத்தான் இருந்தன.